உள்ளே பார்த்து நின்ற பூட்ஸ்

ஜனவரி 12

ஊசி மருமகளுக்கு,

நான் சுகம். நீங்கள் சுகமா என்று கேட்கப் போவதில்லை. நான் இல்லாத வீட்டில் என்ன சுகம் இருந்துவிடப் போகிறது! உன் லேபுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் ஊசி குத்தி ரத்தம் எடுக்கிறாயே, ஒரு நாள் உன் அத்தைக்கும் எடுத்துப் பார். பாதிக்குப் பாதி என்மேல் இருக்கிற கோபமாகத்தான் இருக்கும். "கண்ணுல புரை விழுந்து கெடக்குறேன், இப்பப் போயி வெளிநாடா?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். சொல்லிவை, வேலையை முடித்துவிட்டு வந்து நானே பக்கத்தில் நின்று ஆபரேஷனை நடத்திக் கொடுக்கிறேன். டாக்டருக்கு ஏதாவது சந்தேகம் வந்தால் யார் தீர்த்து வைப்பது?

விமானத்தில் ஒரு சங்கதி. நடுவானத்தில் 'கிர்ர்' என்று ஒரு சத்தம். எல்லோரும் கும்பிட ஆரம்பித்துவிட்டார்கள். நான் மட்டும் காதைக் கொடுத்துக் கேட்டேன். பைலட்டே எழுந்து வந்து, "ஐயா, உங்க முகத்தப் பாத்தாலே விஷயம் தெரிஞ்சவர் மாதிரி இருக்கு" என்றான். "பேரிங் காஞ்சிருக்கு தம்பி, எறங்கினதும் கொஞ்சம் கிரீஸ் வை" என்றேன். எட்டாம் வகுப்பை மூன்று முறை படித்தவன் நான். மற்றவர்கள் ஒரு முறைதானே படிக்கிறார்கள்?

இந்த ஊரில் ரோட்டைக் கடப்பதுதான் பெரிய கண்டம். சிக்னல் இருக்கிறது, அழகுக்கு. மோட்டார் சைக்கிள்கள் வெட்டுக்கிளிக் கூட்டம் மாதிரி வரும். ஓடினாலும் இடிப்பான், நின்றாலும் இடிப்பான். யாரையும் பார்க்காமல் ஒரே வேகத்தில் நடக்க வேண்டும், அவர்களே வளைந்து போவார்கள். முதல் நாளே பழகிவிட்டேன். இப்போது பயந்து நிற்கிற உள்ளூர்க்காரர்களை நான்தான் கையைப் பிடித்துக் கூட்டிப் போகிறேன். இன்னொன்று, இங்கே யாராவது தலையாட்டினால் 'ஆமாம்' என்று அர்த்தமில்லை, 'காதில் விழுந்தது' என்று அர்த்தம். "இது ஃபேக்டரிக்குப் போற பஸ்ஸா?" என்று கேட்டேன். ஆட்டினான். ஏறினேன். சுடுகாட்டில் கொண்டுபோய் இறக்கினான்.

நம் மில்லில் ஓடித் தேய்ந்த பின்னல் மெஷின்களை இந்தக் கம்பெனி வாங்கியிருக்கிறது அல்லவா, அவற்றை மாட்டிக்கொண்டிருக்கிறேன். தங்குவது ஒரு விதவையம்மாவின் மாடி அறையில். விதவை என்பது என் ஊகம், புருஷனைக் காணவில்லை. அவர் படம் மட்டும் கூடத்தில் மாட்டியிருக்கிறது. தாடையில் குழி விழுந்த, வாயைத் திறக்காத ஆள்.

இந்த வீட்டு வாசலில் ஒரு வேடிக்கை. செருப்பைக் கழற்றினால் மூக்கு தெருவைப் பார்க்கிற மாதிரி திருப்பி வைக்க வேண்டும். ஒரே ஒரு ஜோடி மட்டும் வீட்டுக்குள்ளே பார்த்து நிற்கிறது. பழுப்பு நிறத் தோல் பூட்ஸ். யாரும் போடுவதில்லை, ஆனால் அந்தம்மா தினமும் காலையில் அதற்குப் பாலிஷ் போடுகிறாள். நேற்று மழையில் என் புதுச் செருப்பின் வார் அறுந்துவிட்டது. சும்மா கிடக்கிறதே என்று பூட்ஸுக்குள் காலை விட்டேன். மருமகளே, அளவெடுத்துத் தைத்த மாதிரி! அதைவிட ஆச்சரியம், உள்ளே கதகதவென்று இருந்தது, யாரோ இப்போதுதான் கழற்றிப் போட்டது போல.

சாயங்காலம் அதோடு திரும்பி வந்தேன். அந்தம்மா என் காலைப் பார்த்தாள். கையிலிருந்த பாத்திரம் கீழே விழுந்தது. வாயைப் பொத்திக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். என் கம்பீரம் அப்படி.

இப்படிக்கு,
கடல் தாண்டிய மாமா

ஜனவரி 27

மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை அத்தைக்குப் படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "தேதி நெஜம், மழை நெஜம். மத்ததெல்லாம் உங்க மாமா" என்றாள். சுடுகாட்டு பஸ்ஸுக்கு மட்டும் சிரித்தாள். நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.

பூட்ஸ் விஷயத்தை அவள் ரசிக்கவில்லை. கல்யாண மண்டபத்துக்குப் பிய்ந்த செருப்போடு போய்ப் புதுச் செருப்போடு திரும்பி வருவீர்களே, அந்தக் கைவரிசையை அங்கேயும் காட்ட வேண்டுமா? "கேட்டுட்டுப் போட்டாரான்னு கேளு" என்கிறாள். கேட்கிறேன். கேட்டுவிட்டுப் போட்டீர்களா?

அத்தையின் கண் இன்னும் மங்கிவிட்டது. எதிரே வந்து நின்றால் நிழல் மாதிரிதான் தெரிகிறதாம். நடையை வைத்தே ஆளைச் சொல்கிறாள். நேற்று பால்காரர் படியேறியதும், "இடது முட்டி வலிக்குதா உங்களுக்கு?" என்று கேட்டாள். அவர் மிரண்டுபோனார். நீங்கள் இடது காலை இழுத்து இழுத்துச் 'சரக் சரக்' என்று நடக்கிற சத்தம் இல்லாமல் வீடு செவிடாகக் கிடக்கிறதாம். இதையும் நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.

ஊக்கு குத்தின உங்கள் பழைய ரப்பர் செருப்பு கட்டிலுக்கடியில் கிடக்கிறது. தூக்கிப் போடட்டுமா என்றால் காலால் இன்னும் உள்ளே தள்ளிவிடுகிறாள்.

நீங்கள் வந்த பிறகுதான் ஆபரேஷனாம். சீக்கிரம் முடித்துவிட்டு வாருங்கள்.

ஊசி

பிப்ரவரி 10

மருமகளுக்கு,

கேட்டுவிட்டுப் போடுவதற்கு அது என்ன இன்னொருத்தர் பெண்டாட்டியா? பூட்ஸ்தானே! அந்தம்மாவுக்கே ஆட்சேபம் இல்லை. இப்போதெல்லாம் எனக்குத் தனிக் கவனிப்பு. மாடி அறையைக் காலி செய்துவிட்டுக் கீழே முன்னறையைக் கொடுத்திருக்கிறாள். அலமாரியில் இஸ்திரி போட்ட சட்டைகள், எல்லாம் என் அளவு. வாடகைப் பேச்சே இல்லை. நான் சாப்பிடும்போது எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்கிறாள். கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. உன் அத்தையிடம் இந்த வரியைப் படிக்காதே.

பூட்ஸ் வந்த பிறகு ரோடும் எனக்கு அடிமை. முன்பு வண்டிகள் வளைந்து போகும் என்றேனே, இப்போது நின்றே விடுகின்றன. நான் கடந்து போகும்வரை ஒருத்தரும் ஹாரன் அடிப்பதில்லை. தொப்பியைக்கூடக் கழற்றுகிறார்கள். ஊருக்குப் புதிதாக வந்த ஒரு தொழில் நிபுணருக்கு இவ்வளவு மரியாதையா என்று எனக்கே கண் கலங்கிவிட்டது. சவரக் கடைக்குப் போனேன். என்ன வேண்டும் என்று கேட்காமலே எப்போதும் வெட்டுகிற மாதிரி வெட்டிவிட்டான். நான் போனது முதல் முறை.

பாஷையும் வந்துவிட்டது! 'எண்ணெய்', 'நிறுத்து', 'இது என் தப்பில்லை', இந்த மூன்றை வைத்துத்தான் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன். போன வாரம் காய்கறிக்காரியோடு முழுசாகச் சண்டை போட்டு ஜெயித்தேன். என்ன பேசினேன் என்று மட்டும் எனக்குப் புரியவில்லை.

ஃபேக்டரி சூப்பர்வைசர் நம் பக்கத்தில் சில வருஷம் வேலை பார்த்தவர், தட்டுத்தடுமாறித் தமிழ் பேசுவார். அவர் என் காலைப் பார்த்துவிட்டு நகர்ந்து நின்றார். "சார், வீட்ட விட்டுப் போனவங்க திரும்பி வரணும்னா, அவங்க செருப்ப உள்ள பாத்த மாதிரி வைப்பாங்க. அந்தச் செருப்புல யார் கால் வருதோ, அவங்கதான் வந்ததா கணக்கு" என்றார். "அப்போ நான் யாரு?" என்றேன் சிரித்துக்கொண்டே. அவர் சிரிக்கவில்லை. "அந்தம்மா வீட்டுக்காரரு ஒரு நாளு வெறுங்காலோட போனவரு. பொய்யே பேசமாட்டாரு. பேச்சே கம்மி" என்றார். சரியான ஆளைத்தான் பிடித்தார்கள் எனக்கு!

கால் விஷயம் மட்டும் கொஞ்சம் ஆச்சரியம். இடது காலை இழுப்பது நின்றுவிட்டது. நல்ல பூட்ஸ் போட்டால் எல்லா வியாதியும் போகும் போலிருக்கிறது.

மாமா

பிப்ரவரி 25

மாமாவுக்கு,

படிக்காதே என்று சொன்ன வரியையும் படித்தேன். அத்தைக்கு அது பெரிதாகப் படவில்லை. கடைசி வரிதான் பட்டது. "கால இழுக்கலையா? திரும்பப் படி" என்றாள். படித்தேன். சாயங்காலம் எழுந்து தடவித் தடவிப் போய்க் கட்டிலுக்கடியிலிருந்த உங்கள் ரப்பர் செருப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

நேற்று மத்தியானம் நான் தபாலாபீஸுக்குப் போய் நீங்கள் தங்கியிருக்கிற வீட்டு எண்ணுக்கு டிரங்க் கால் போட்டேன். எடுத்தது நீங்கள். உங்கள் தொண்டைச் செருமலை எனக்குத் தெரியாதா? அந்த ஊர் பாஷையில் ஏதோ சொன்னீர்கள். "மாமா, நான்தான் ஊசி" என்று கத்தினேன். பிறகு, நம்பர் விசாரிக்கிற ஆபரேட்டர் மாதிரி நிதானமாக, "அப்படி யாரும் இங்கே இல்லை, அம்மா" என்று வைத்துவிட்டீர்கள். என்னைப் போய் 'அம்மா'!

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று எனக்கு எத்தனை முறை சொல்லியிருக்கிறீர்கள். அந்தப் பூட்ஸைக் கழற்றி எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். வெறுங்காலோடு ஃபேக்டரிக்குப் போனாலும் பரவாயில்லை. சிரித்து மழுப்பாமல் பதில் எழுதுங்கள்.

ஊசி

மார்ச் 8

மருமகளுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நலமாக இருக்கிறேன். இன்று காலை மழை பெய்தது.

பாதி மெஷின்கள் ஓடுகின்றன. துணியில் ஒரு கோடு விழுகிறது. ஏதோ ஒரு ஊசி உடைந்திருக்க வேண்டும். எந்த ஊசி என்று எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை. இந்த வேலை எனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். விமானத்தில் என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. நான் பயந்து கண்களை மூடிக்கொண்டிருந்தேன்.

இந்த வீட்டு மாடிப்படியில் ஒரு பலகை இறங்கியிருந்தது. நான் போவதற்கு முன்பே அதைச் சரிசெய்திருக்க வேண்டும். நேற்று சரிசெய்தேன்.

உங்கள் அத்தையின் பெயர் என்ன என்று எழுதவும்.

வணக்கம்.

மார்ச் 20

மாமா,

எத்தனையோ கடிதம் எழுதியிருக்கிறீர்கள். பக்கத்து ஊருக்குப் போனால்கூட, வழியில் புலியைப் பார்த்ததாக எழுதுவீர்கள். உங்கள் பொய்களைக் கேட்டே வளர்ந்தவள் நான். எனக்கு ஒரு நாளும் அவை பயம் கொடுத்ததில்லை. இந்தக் கடிதத்தில் ஒரு பொய்கூட இல்லை. லேபில் அதைப் படித்துவிட்டு, ஒரு ஆளுக்கு இரண்டு தடவை குத்திவிட்டேன்.

என்னை 'உங்கள்' என்று எழுதியிருக்கிறீர்கள். நாய்க்குட்டி என்றும் ஊசி என்றும் கழுதை என்றும் கூப்பிட்ட வாய் அது.

'நான் போவதற்கு முன்பே' என்றால் யார் போனது? எந்த வீட்டிலிருந்து?

அத்தையின் பெயரை எழுதித் தரமாட்டேன். நீங்களாக நினைவுக்குக் கொண்டு வாருங்கள். அந்த வரியை அவளிடம் படிக்காமல் தாண்டிப் போனேன். ஆனால் கண் போனவளுக்குக் காது எப்படிக் கூர்மை என்று உங்களுக்குத் தெரியாதா? "என்னமோ முழுங்கிட்ட" என்றாள்.

ஒரே ஒரு பொய் எழுதுங்கள், மாமா. சின்னதாகப் போதும். ஒரு கொசுவைச் சுட்டு வீழ்த்தியதாக எழுதுங்கள். அதைப் பார்த்தால்தான் எனக்குத் தூக்கம் வரும்.

ஊசி

ஏப்ரல் 6

மாமா,

பதில் வரவில்லை. அதற்குப் பதிலாக நேற்று நீங்களே வந்துவிட்டீர்கள்.

அதனால் இந்தக் கடிதத்தை யாருக்கு எழுதுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. அத்தைதான் உட்கார வைத்து எழுதச் சொன்னாள். "அந்த வீட்டு விலாசத்துக்கே போடு. உங்க மாமா அங்கதான் இருக்காரு" என்றாள்.

வந்தவருக்கு உங்கள் முகம். உங்கள் மச்சம், உங்கள் வழுக்கை, சோடா பாட்டில் வெடித்துப் புருவத்தில் பட்ட தழும்பு. பழுப்பு பூட்ஸைக் கழற்றி ஒதுக்கமாகத் தெருவைப் பார்க்கத் திருப்பி வைத்தார். கை கால் கழுவிவிட்டு உள்ளே வந்தார். அத்தையைப் பெயர் சொல்லி, "சௌக்கியமாக இருக்கிறீர்களா?" என்று கேட்டார். பாஸ்போர்ட்டில் பார்த்திருப்பார். அத்தை முகம் வெளுத்துப்போனது. அவர் பெட்டியை வைக்க உள்ளறைக்குப் போனதும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கட்டிக்கிட்ட நாளையிலேர்ந்து எம் பேர அந்த மனுஷன் சொன்னதே இல்லடி. 'ஏ இந்தாம்மா'தான். நடையும் அவரு நடை இல்ல. பூனை மாதிரி வருது" என்றாள்.

கெட்டவர் இல்லை மாமா. அதுதான் இன்னும் கஷ்டமாக இருக்கிறது. சொல்லாமலே குழாயைச் சரிசெய்தார். சாப்பிட்ட தட்டைத் தானே கழுவினார். எதிர்வீட்டுக்காரர் வந்து, "என்னண்ணே, வெளிநாடு எப்படி?" என்று வாயைக் கிளறினார். "வேலை சரியாக முடியவில்லை. அனுப்பிவிட்டார்கள்" என்றார் இவர். எதிர்வீட்டுக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரத் தயாராக வந்தவர், அப்படியே எழுந்து போய்விட்டார்.

சர்க்கரை பார்க்கிறேன் என்று சொல்லி ரத்தம் எடுத்தேன். உங்கள் குரூப்தான். ஆனால் சர்க்கரை அளவு நார்மல். உங்களுக்கு ஒரு நாளாவது நார்மல் வந்திருக்கிறதா?

நீங்கள் அங்கே இருந்தால் எழுதுங்கள். எப்படி எழுதினால் நம்புவேன் என்று உங்களுக்குத் தெரியும்.

ஊசி

ஏப்ரல் 19

என் கழுதைக்கு, ஊசிக்கு, ரத்தக் காட்டேரிக்கு,

உன் கடிதம் வந்தபோது நான் ரொம்ப வேலையாக இருந்தேன். இந்த நாட்டு ராணுவத் தளபதி ஆலோசனைக்கு வந்திருந்தார். வெளியே உட்கார வைத்துவிட்டு உனக்கு எழுதுகிறேன். போதுமா? இன்னும் வேண்டுமா? போன வாரம் ஒரு கொசுவைச் சுட்டு வீழ்த்தினேன். விழுந்த சத்தத்தில் இரண்டு தெருவுக்குக் கண்ணாடி உடைந்தது.

நான்தான் மருமகளே. இங்கேதான் இருக்கிறேன்.

அந்த மழுங்கல் கடிதத்தை எழுதியது என் கை. நான் இல்லை. என் கை எழுதுவதை நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த மாதிரி இருந்தது. உன் அத்தையின் பெயரைக் கேட்டானாமே படுபாவி! அவள் பெயர் எனக்குத் தெரியாதா? சொன்னால் தேய்ந்துவிடும் என்று பத்திரமாக வைத்திருக்கிறேன், அவ்வளவுதான்.

நீ சொன்னபடியே ஒரு நாள் காலையில் பூட்ஸைக் கழற்றி எடுத்த இடத்தில் வைத்தேன். உள்ளே பார்த்த மாதிரியேதான் வைத்தேன். முகம் கழுவிவிட்டு வந்து பார்க்கிறேன், என் பெட்டியும் பூட்ஸும் வாசலைத் தாண்டிப் போகின்றன. போட்டுக்கொண்டு போவது யார் என்று எட்டிப் பார்த்தால், மருமகளே, நான்! என் முதுகை நான் பார்த்ததே இல்லை. இவ்வளவு கூனலா எனக்கு? ஓடிப் போய்க் கண்ணாடியைப் பார்த்தேன். தாடையில் குழி. கூடத்துப் படத்தில் இருக்கிற மூஞ்சி. பார்க்க அழகன்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் வாடகைச் சட்டை வாடகைச் சட்டைதானே.

அன்றிலிருந்து வெளியே போகத்தான் பார்க்கிறேன். யார் யார் செருப்பையோ மாட்டிக்கொண்டு கிளம்புகிறேன். வலது பக்கம் திரும்பினாலும் இந்த வாசல். இடது பக்கம் திரும்பினாலும் இந்த வாசல். பஸ் ஏறி உட்கார்ந்தால், இறக்கிவிடுவதும் இந்த வாசலில். நட்டநடுப் பகலில், ஜனங்கள் நடமாடுகிற தெருவில் இப்படி நடக்கிறது. யாரிடம் சொல்வது? தலையை ஆட்டுகிறார்கள்.

அந்தம்மாவுக்குச் சந்தோஷம்தான். ஆனால் முந்தாநாள் அவளுக்கு ஒரு கதை சொன்னேன், கிணற்றுக்குள் நான் முதலையோடு மல்லுக்கு நின்ற கதை. அவள் பாஷையிலேயே அளந்தேன். கேட்டுக்கொண்டே இருந்தாள். முடிந்ததும் என் முகத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு அழுதாள். அவளுக்கும் தெரிந்துவிட்டது. பாவம், இத்தனை காலம் காத்திருந்து என்னிடமா மாட்ட வேண்டும்?

சூப்பர்வைசர் வந்தார். ஒரே வழிதான் என்கிறார். என் செருப்பு, நான் போட்டுத் தேய்த்த செருப்பு, என் வீட்டு வாசலில் உள்ளே பார்த்து நிற்க வேண்டும். அங்கே யாராவது எனக்காக அதை வைக்க வேண்டும். மனசோடு வைக்க வேண்டுமாம். சும்மா வைத்தால் செல்லாதாம்.

உன் அத்தை வைப்பாளா? கோபத்தோடு போனவன் நான். கேட்டுப் பார். கெஞ்சுகிறேன் என்று மட்டும் சொல்லாதே. ஆணையிட்டேன் என்று சொல்.

மாமா

மே 4

மாமாவுக்கு,

தளபதியையும் கொசுவையும் படித்ததுமே அத்தை கைதட்டினாள். "அவரேதான்! அவரேதான்!" என்று ஒரே கூத்து. முதலைக்கு வந்தபோது கண்ணைத் துடைத்துக்கொண்டாள். 'ஆணையிட்டேன்' என்பதற்கு, "ஆமா, இவரு ஆணையிட்டுட்டாலும்" என்றாள். அதற்குள் செருப்பைக் கையில் எடுத்துவிட்டாள்.

அவளே சோப்புப் போட்டுக் கழுவினாள். வாரில் குத்தியிருந்த ஊக்கு துருப்பிடித்திருந்தது. தன் தாலிக்கயிற்றில் இருந்த ஊக்கைக் கழற்றி அதில் குத்தினாள். வாசலில் உட்கார்ந்து, கையால் தடவிப் பார்த்து, மூக்கு வீட்டுக்குள் பார்க்கிற மாதிரி வைத்தாள். கொஞ்ச நேரம் அதன்மேல் கையை வைத்துக்கொண்டே இருந்தாள்.

வந்தவர் மறுநாள் காலையில் அதைப் பார்த்தார். குனிந்து பார்த்தார். அதற்கு என்ன அர்த்தம் என்று இந்தத் தெருவில் எங்களைத் தவிர அவர் ஒருத்தருக்குத்தானே தெரியும்? அங்கேயே வெகுநேரம் நின்றார். பிறகு உள்ளே வந்து அத்தைக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, "எங்க வீட்டுலயும் இப்படி ஒரு ஜோடி நின்னுச்சு. எனக்காக. வருஷக்கணக்கா நிக்குதுன்னு தெரிஞ்சும் நான் போகல. உங்க வீட்டுக்காரரு கால்ல ஏறிப் போயும், அங்க நிக்க முடியாம கெளம்பிட்டேன். பயம். எந்த முகத்தோட போயி நிக்கிறது?" என்றார். அவர் இங்கே பேசிய நீளமான பேச்சு அதுதான். அத்தை, "எந்த முகமா இருந்தா என்னய்யா, போங்க. நடையே சொல்லிரும்" என்றாள். பூட்ஸை மாட்டிக்கொண்டு போய்விட்டார். உங்கள் முகம் தெருமுனையில் திரும்புவதை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். கூனல் உண்மைதான் மாமா.

இது நடந்து ஒரு வாரமாகிறது. செருப்பு அப்படியே நிற்கிறது. தினமும் காலையில் அத்தை தொட்டுப் பார்க்கிறாள், உள்ளே சூடு இருக்கிறதா என்று. இன்று தொட்டவள் கையை எடுக்கவில்லை. என்னையும் தொட்டுப் பார்க்கச் சொன்னாள். வெயில் படாத இடம்தான். ஆனாலும்

யாரோ படியேறி வருகிறார்கள். அத்தை எழுந்து நின்றுவிட்டாள். திறந்து பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

*

சில நாள் கழித்து மறுபடி எழுத உட்காரும்போது மாமா என்று தொடங்க வரவில்லை. மாமா பக்கத்து அறையில் இருக்கிறார். இந்தக் காகிதத்தைக் கிழித்துப் போடத்தான் நினைத்தேன். அத்தைதான், "அந்த வீட்டுக்குப் போய்ச் சேந்தவருக்குத் தெரிய வேண்டாமா?" என்றாள். ஆகவே ஐயா, இனி இது உங்களுக்கு.

கதவைத் திறந்தபோது நான் பார்த்திராத ஒருத்தர் வெறுங்காலோடு நின்றார். உயரமாக, தாடையில் குழி விழுந்து. நான் கதவைச் சாத்தப் போனேன். அவர் குனிந்து பார்க்கக்கூட இல்லை. ரப்பர் செருப்புக்குள் காலை விட்டார். விட்டுவிட்டு, "என்ன கழுதை, அப்படிப் பாக்குற? கடல்ல பாதி தூரம் நடந்தே வந்தேன். மீதிக்கு ஒரு திமிங்கிலம் லிஃப்ட் குடுத்துச்சு" என்றார். குரலும் உங்களுடைய குரலாகத்தான் இருக்க வேண்டும். எனக்குப் பழக்கமில்லாத குரல்.

உள்ளேயிருந்து அத்தை, "அவர ஏன்டி வாசல்ல நிறுத்தி வச்சிருக்க, உள்ள விடு" என்றாள்.

சரக் சரக் என்று காலை இழுத்துக்கொண்டு உள்ளே போனார். "ஏ இந்தாம்மா, தண்ணி" என்றார். அத்தை சொம்பை நீட்டினாள். தடுமாறாமல், நேராக அவர் கைக்கு.

அங்கே உங்கள் வீட்டுக்காரம்மா எப்படி இருக்கிறார்கள்? உங்களை அடையாளம் கண்டுகொண்டார்களா? எங்கள் மாமாவின் முகத்தைச் சவரம் செய்யும்போது புருவத் தழும்பில் கத்தி படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சோடா பாட்டில் வெடித்ததில் வந்தது அது. மாமாவைக் கேட்டால் யானை என்பார்.

அத்தையின் கண் ஆபரேஷனுக்கு அடுத்த மாதம் தேதி கொடுத்திருந்தார்கள். நேற்று ஆஸ்பத்திரிக்குப் போய் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். அத்தைதான் அனுப்பினாள். நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன்.

"இருட்டுல அவரு நல்லாத் தெரியுறாருடி" என்கிறாள்.

ஊசி